வாரம் ஐந்து நாள் ஓடியும் வேகம் கூடவில்லை: எங்கே தவறுகிறேன்?

பெசன்ட்நகர் விடியல் | ஜூலை 7

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. மூன்று ஆண்டுகளாக ஓடி வருகிறேன். வாரத்தில் ஐந்து நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் தொடங்கி, நாளுக்கு எட்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். முதல் ஆண்டில் 10 கிலோமீட்டருக்கான நேரம் 70 நிமிடத்திலிருந்து 59 நிமிடமாகக் குறைந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாக 58 நிமிடத்திலேயே நிற்கிறது.

என் அன்றாட வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 நொடி. இதயத் துடிப்பு 162 முதல் 168 வரை இருக்கும். சென்ற மாதம் இன்னும் கொஞ்சம் விரட்டிப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் முன்னங்கால் எலும்பின் உட்புறம் வலிக்கத் தொடங்கியது. போன ஞாயிறன்று என் மகள் கைப்பேசியில் என்னைப் பக்கவாட்டில் படம் பிடித்துக் காட்டினாள். பாதம் முழங்காலுக்கு வெகு முன்னால் போய், குதிகாலில் அழுத்தமாக இறங்குகிறது. தரையில் மோதும் ஓசை அலையோசையையும் மீறி அந்தப் படத்தில் கேட்கிறது. கைக்கடிகாரக் கணக்குப்படி நிமிடத்துக்கு 158 அடி வைக்கிறேன்.

50 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இன்டர்வல் பயிற்சியை (குறுந்தொலைவை வேகமாக ஓடி, சற்று இளைப்பாறி, மீண்டும் மீண்டும் ஓடுவதை) தொடங்குவதா, ஓடும் முறையை மாற்றுவதா, கார்பன் தகடு வைத்த காலணி வாங்குவதா, அல்லது இது என் உடலின் எல்லைதானா என்று தெரியாமல் எழுதுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மண்தடம் | ஜூலை 7

தம்பி, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன் நான். முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை ஓடவைத்திருக்கிறேன். இது உங்கள் உடலின் எல்லை என்று நான் நினைக்கவில்லை. 58 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் என்றால் உங்கள் பந்தய வேகம் 5 நிமிடம் 48 நொடி. அன்றாடம் ஓடுவது 6 நிமிடம் 10 நொடி. ஆக, பந்தயத்துக்கும் பயிற்சிக்கும் இடையே வெறும் 22 நொடிதான் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாளும் உடலை அரைப் பந்தயத்துக்கு அனுப்புகிறீர்கள். அந்த வேகம் உடல் ஆறுவதற்கு மிக அதிகம். உண்மையான வேகத்தைக் கற்றுத்தருவதற்கோ போதாது.

மெதுவாக ஓடும்போதுதான் அடித்தளம் உருவாகிறது. தசை நார்களைச் சுற்றி நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுவதும், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகுவதும், ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுவதும் மாதக்கணக்கில் நிதானமாக நடக்கும் மாற்றங்கள். இவற்றுக்கு நீண்ட நேரம் வேண்டும், மூச்சிரைக்கத் தேவையில்லை. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையே வாரத்துக்கு 160 கிலோமீட்டர் அளவுக்கு ஓடவைத்தார். ஆக்லாந்துக்கு அருகே உள்ள வைட்டாகரே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் நீண்ட ஓட்டமும் அதில் அடக்கம். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு பந்தயத்துக்கு அவ்வளவு தொலைவு எதற்கு என்று பலர் கேட்டார்கள். ஸ்னெல் 1960இல் ரோமில் 800 மீட்டரிலும், 1964இல் டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார்.

ஆகவே முதல் ஆறு வாரத்துக்கு நான் சொல்வது இதுதான். ஐந்தில் நான்கு நாள், பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியங்களாகத் தடையின்றிப் பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓடுங்கள். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்துக்கும் மேலே போகலாம், போகட்டும். அந்த நான்கில் ஒன்றை மட்டும் மெல்ல மெல்ல நீட்டி 14 கிலோமீட்டருக்குக் கொண்டுபோங்கள், மற்றவற்றில் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாளைப் பற்றிப் பிறகு பேசலாம். முன்னங்கால் வலி முற்றிலும் அடங்கும்வரை வேகப் பயிற்சி எதுவும் வேண்டாம்; ஒரே இடத்தில் விரலால் தொட்டாலே வலிக்கும் நிலை வந்தால் ஓடுவதையே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாதம் முன்னால் விழுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த பள்ளியில் மண் தடம்தான் இருந்தது. மழை விட்ட மறுநாள் காலையில் பிள்ளைகளை ஒரு சுற்று ஓடவிட்டு, பிறகு நான் தனியே குனிந்து அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். குதிகால் விழுந்த குழி ஆழமாகவும் அதன் முன்விளிம்பில் ஈரமண் பிதுங்கியும் இருந்தால், அந்தப் பிள்ளை ஒவ்வோர் அடியிலும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறான் என்று பொருள். விரல் பதிந்த இடத்துக்குப் பின்னால் மண் குவிந்திருந்தால் அவன் தன்னை முன்னே தள்ளுகிறான். எல்லோருடைய அடியிலும் இரண்டுமே இருக்கும். எது மிகுதி என்பதைத்தான் நான் பார்ப்பேன். உங்கள் மகள் எடுத்த படத்தில் நீங்கள் கண்டதும் இதுவே.

நேரக்கணக்கு | ஜூலை 8

மூத்தவர் சொன்னதை மதிக்கிறேன்; ஆயினும் முழுவதுமாக ஏற்க முடியவில்லை. ஐந்தில் நான்கு பங்கு மெதுவாக, ஒரு பங்கு வேகமாக என்ற கணக்கு, வாரத்துக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பயிற்சி செய்யும் வீரர்களைக் கவனித்துப் பெறப்பட்டது. நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் அதை எழுதிப் பரவலாக்கினார். அத்தனை தொலைவு ஓடுபவர் மெதுவாக ஓடாவிட்டால் உடல் தாங்காது என்பது வெளிப்படை. வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடும் ஒருவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு என்பது எட்டு கிலோமீட்டர்தானே? அவ்வளவு குறைந்த தூண்டுதலால் உடல் எப்படி மாறும்?

எனக்கு வேலையும் குடும்பமும் போக வாரத்தில் மூன்று நாள்தான் கிடைக்கிறது. ஒரு நாள் 800 மீட்டர் இன்டர்வல், ஒரு நாள் டெம்போ (கடினமானாலும் சீராகத் தாக்குப்பிடிக்க முடிகிற வேகத்தில் ஓடுவது), ஒரு நாள் நீண்ட ஓட்டம். இப்படி ஓடித்தான் 10 கிலோமீட்டரை 49 நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் வென்ற எமில் சாட்டொபெக்கின் பயிற்சிக்கு 400 மீட்டர் ஓட்டங்கள்தான் முதுகெலும்பு. வேகமாக ஓட விரும்புபவர் வேகமாக ஓடிப் பழகத்தான் வேண்டும்.

மண்தடம் | ஜூலை 8

உங்கள் முறையில் குறை காணமாட்டேன். உங்களுக்கு அது பொருந்தியிருக்கிறது. ஏன் பொருந்தியது என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு கடினமான நாளுக்குப் பிறகும் உங்களுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஓய்வு கிடைக்கிறது. இந்தத் தம்பியின் மெதுவோட்ட நாள்கள் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பாதியை உங்கள் ஓய்வு நாள்கள் செய்துவிடுகின்றன. ஐந்து நாள் ஓடுபவர் உங்கள் மூன்று நாளையும் எடுத்துக்கொண்டு மேலும் இரண்டு நாள் அரைவேகத்தில் ஓடினால், அடுத்த மாதமே கால் கட்டுடன் உட்கார்ந்திருப்பார். வாரத்தில் மூன்று நாள்தான் ஓட முடியும் என்று அவர் எழுதியிருந்தால் நானும் ஏறத்தாழ நீங்கள் சொன்னதையே சொல்லியிருப்பேன்.

சாட்டொபெக் ஒவ்வொரு 400 மீட்டருக்கும் நடுவே மெல்லோட்டம் ஓடினார் என்பதையும், அவர் சேர்த்த மொத்தத் தொலைவு மிகப் பெரியது என்பதையும் மறக்க வேண்டாம். அவருடைய இன்டர்வலை மட்டும் பிரித்தெடுத்தால் கணக்கு சரியாக வராது.

நொய்யல்கரை | ஜூலை 9

கோவையிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. எனக்கு 36 வயது. ஆறு ஆண்டுகளாக ஓடுகிறேன். உங்கள் பதிவில் "ஓடும் முறையை மாற்றுவதா" என்ற இடத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் சேர்ந்திருந்த ஓட்டக் குழுவில், குதிகாலில் இறங்குவதே எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று சொல்லி, எங்கள் எல்லோரையும் ஒரே வாரத்தில் முன்பாதத்தில் ஓடச் சொன்னார்கள். முதல் பத்து நாள் உண்மையாகவே லேசாகத்தான் இருந்தது. பதினோராம் நாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியபோது குதிகால் தசைநாணில் ஊசி குத்தியதைப் போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைவரை போனேன். ஏழு வாரம் ஓடவில்லை. பிறகுதான் விளங்கியது: முன்பாதத்தில் இறங்கும்போது முழங்காலின் சுமை குறைவது உண்மை, அந்தச் சுமை கெண்டைக்காலுக்கும் தசைநாணுக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் அந்தச் சுமைக்குப் பழகாத தசைநாண் ஒரு வாரத்தில் எப்படித் தாங்கும்?

தசையும் எலும்பும் | ஜூலை 10

நான் மதுரையில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். சகோதரிக்கு நேர்ந்ததைப் போன்றவற்றை மாதந்தோறும் பார்க்கிறேன். ஆகவே இதைச் சற்று விரிவாக எழுத வேண்டும்.

குதிகாலில் இறங்குவது குற்றமே அல்ல. ஜப்பானின் சப்போரோவில் 2004இல் நடந்த ஓர் அரை மாரத்தானில், முன்னணி ஓட்டக்காரர்களை 15ஆம் கிலோமீட்டரில் படம்பிடித்துப் பார்த்தபோது நான்கில் மூன்று பேர் குதிகாலில்தான் இறங்கினார்கள். பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தொடுகிறது என்பதைவிட, உடலுக்கு எவ்வளவு முன்னால் அது தொடுகிறது என்பதே முக்கியம். முழங்கால் ஏறத்தாழ நீட்டிய நிலையில் பாதம் முன்னால் விழுந்தால் தரை உங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட அடுத்த அடியில் கூடுதல் ஆற்றல் செலவழிக்க வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ எட்டாயிரம் அடி இப்படி வைத்தால் முன்னங்கால் எலும்பு வலிப்பதில் வியப்பில்லை.

இதைச் சரிசெய்யப் பாதத்தைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டாம். அடி எண்ணிக்கையை மட்டும் சற்றுக் கூட்டுங்கள். அதே வேகத்தில் அடிகளை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால், முழங்காலும் இடுப்பும் ஏற்கும் சுமை குறைகிறது என்பது 2011இல் வெளியான ஆய்வில் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்கு 180 அடி என்ற எண்ணைப் பலரும் வேதவாக்காகச் சொல்வார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பந்தயத்தில் ஓடியவர்களை அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்துச் சொன்னது அது. கிலோமீட்டரை மூன்று நிமிடத்தில் கடப்பவர்களின் எண்ணை ஏழு நிமிடத்தில் கடப்பவர் மீது அப்படியே ஏற்றக் கூடாது. உங்களுக்கு 158இலிருந்து 166 போதும். ஓட்டத்தின் நடுவே ஒரு நிமிடம் குறுகிய அடிகளாக விரைந்து வைத்து, நான்கு நிமிடம் மறந்துவிடுங்கள். மீண்டும் ஒரு நிமிடம். ஆறேழு வாரத்தில் அது தானாகவே வந்துவிடும். ஓசை குறைவதை நீங்களே கேட்பீர்கள்.

இனி, ஓட்டச் சிக்கனம். ஒரே வேகத்தில் ஓட ஒருவருக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதே இது. வண்டிக்கு மைலேஜ் பார்ப்பதைப் போல. இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று பிரிட்டனின் மாரத்தான் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃப். அவரை 1992 முதல் 2003 வரை ஆய்வகத்தில் தொடர்ந்து அளந்தார்கள். உடல் உள்வாங்கக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜனின் அளவு அந்தப் பதினோரு ஆண்டுகளிலும் பெரிதாக மாறவில்லை. 18 வயதிலேயே அது உலகத் தரத்தில் இருந்தது. மாறியது சிக்கனம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு 205 மில்லிலிட்டராக இருந்த செலவு 175 ஆகக் குறைந்தது. அந்த 2003இல்தான் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் மாரத்தான் ஓடினார். 2019 வரை எந்தப் பெண்ணும் அதை முறியடிக்கவில்லை.

சிக்கனம் வளர ஆண்டுக்கணக்கான தொலைவு தேவை; அதைச் சற்று விரைவுபடுத்துவது வலுப் பயிற்சி. ஃபின்லாந்தில் 1999இல் வெளியான ஆய்வில், ஓட்டக்காரர்கள் ஓட்டத்தின் ஒரு பகுதியைக் குறைத்துத் தாவுதல், குறுவிரைவோட்டம் போன்றவற்றை ஒன்பது வாரம் செய்தபோது, அதிகபட்ச ஆக்சிஜன் அளவு கூடாமலே 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது. தசைநாண் ஒரு வில்லைப் போல விசையை வாங்கித் திருப்பித் தருகிறது. அது இறுக்கமாக இருந்தால் தசைக்கு வேலை குறைகிறது. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும். படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றுவதிலிருந்து தொடங்குங்கள். எடை சுமந்து உட்கார்ந்து எழுவதை இரண்டாம் மாதத்திலும், கயிறு தாண்டுவதை வலி முழுதும் போன பிறகும் சேர்க்கலாம்.

கார்பன் தகடு காலணி பொய்யல்ல. நைக்கி நிறுவனத்தின் வேப்பர்ஃபிளை என்ற அத்தகைய காலணி ஆய்வகத்தில் சராசரியாக 4 விழுக்காடு ஆற்றலை மிச்சப்படுத்தியது; பிறகு உலகத் தடகள அமைப்பு 2020இல் சாலைப் பந்தயக் காலணியின் அடித்தடிமனுக்கு 40 மில்லிமீட்டர் என வரம்பே வைத்தது. ஆனால் அந்த அளவீடு உங்களைவிட மிக வேகமாக ஓடுபவர்களிடம் எடுக்கப்பட்டது. முன்னங்கால் வலியோடு இருப்பவர் இப்போது அதற்குச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பெசன்ட்நகர் விடியல் | ஆகஸ்ட் 3

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு வாரமாக மெதுவோட்டம் மட்டும் ஓடுகிறேன். முன்னங்கால் வலி ஏறக்குறைய போய்விட்டது. ஒரு குழப்பம் மட்டும் இருக்கிறது. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 20 நொடியில் தொடங்குகிறேன், துடிப்பு 142. நாற்பது நிமிடம் கழிந்ததும் அதே வேகத்திலேயே அது 155க்கு ஏறிவிடுகிறது. இன்னும் மெதுவாக ஓடினால் நடைப்பயிற்சிக்கு வருபவர்களோடு சேர்ந்துவிடுவேன். வழக்கமாக எனக்குப் பின்னால் வருபவர்கள் எல்லோரும் இப்போது என்னைத் தாண்டிப் போகிறார்கள். மனத்துக்கு அது எளிதாக இல்லை.

நொய்யல்கரை | ஆகஸ்ட் 3

உங்கள் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடற்கரையில் விடியற்காலையில் அது ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுவதால், தசைக்கும் போதிய இரத்தம் அனுப்ப இதயம் விரைந்து துடிக்கிறது. நீரிழப்பும் சேர்ந்துகொள்கிறது. துடிப்பு ஏறினால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு நிமிடம் நடந்தாலும் தவறில்லை. இட்டன் போன்ற கெனிய ஊர்களில் பயிற்சி பெறும் உலகத்தர ஓட்டக்காரர்களே மெதுவோட்ட நாளில் வியப்பூட்டும் அளவுக்கு மெல்லத் தொடங்குவார்கள்.

ஒரு யோசனை: குளிரூட்டப்பட்ட அறையில் டிரெட்மில் கிடைத்தால், மாதத்துக்கு ஒருமுறை ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓடித் துடிப்பைக் குறித்து வையுங்கள். வெளியில் வெயிலும் மழையும் மாறிக்கொண்டே இருப்பதால், முன்னேற்றத்தை அங்குதான் தெளிவாகப் பார்க்க முடியும்.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று. மெதுவாக ஓடியும் களைப்பு நீங்கவில்லை என்றால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பரிசோதித்துப் பாருங்கள். எனக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தது. இரும்புச் சேமிப்பு மட்டும் வற்றிப்போயிருந்தது. மருத்துவரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை எடுக்க வேண்டாம்.

மண்தடம் | ஆகஸ்ட் 24

வலி போய் மூன்று வாரம் ஆகிவிட்டதால் இனி ஐந்தாம் நாளைத் தொடங்கலாம் தம்பி. முதல் இரண்டு வாரம், ஒரு மெதுவோட்டத்தின் முடிவில் இருபது நொடி விரைவோட்டம் ஆறு முறை. ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சு முழுதாக அடங்கும்வரை நடை. முழு வேகம் வேண்டாம், முகமும் தோளும் தளர்ந்திருக்க வேண்டும். அதன் பின் ஒரு வாரம் டெம்போ, மறு வாரம் இன்டர்வல் என்று மாற்றி மாற்றி வரட்டும். டெம்போ என்றால் 5 நிமிடம் 50 நொடி வேகத்தில் எட்டு நிமிடம் மூன்று முறை, நடுவே இரண்டு நிமிட மெல்லோட்டம். இன்டர்வல் என்றால் 800 மீட்டரை ஏறக்குறைய 4 நிமிடம் 18 நொடியில் ஐந்து முறை. கடைசிச் சுற்று முதல் சுற்றைவிட மெதுவாக முடிந்தால், முதல் சுற்றை அளவுக்கு மீறி ஓடிவிட்டீர்கள் என்று பொருள்.

பெசன்ட்நகர் விடியல் | டிசம்பர் 8

நேற்று 10 கிலோமீட்டரை 54 நிமிடம் 10 நொடியில் ஓடினேன். முதல் ஐந்து கிலோமீட்டர் 27 நிமிடம் 20 நொடி, அடுத்த ஐந்து 26 நிமிடம் 50 நொடி. பந்தயத்தின் இரண்டாம் பாதியை முதல் பாதியைவிட விரைவாக ஓடியது என் வாழ்வில் இதுவே முதல் முறை. மெதுவோட்ட நாளில் துடிப்பு 142 இருக்கும்போது வேகம் இப்போது 6 நிமிடம் 40 நொடி. அடி எண்ணிக்கை நினைக்காமலே 167. மகள் மீண்டும் படம் பிடித்தாள்; இம்முறை அலையோசைதான் கேட்கிறது.

நேரக்கணக்கு | டிசம்பர் 8

உளமார்ந்த வாழ்த்துகள். உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல, கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன்: ஜூலைக்கும் டிசம்பருக்கும் சென்னை விடியற்காலையில் எத்தனையோ பாகை வேறுபாடு உண்டே. அதில் எவ்வளவு பருவநிலையின் பங்கு?

பெசன்ட்நகர் விடியல் | டிசம்பர் 9

நியாயமான கேள்வி. கோவைச் சகோதரி சொன்னபடி, எங்கள் குடியிருப்பின் குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சி அறையில் மாதந்தோறும் மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓடிக் குறித்து வந்தேன். கடைசிப் பத்து நிமிடத்தின் சராசரித் துடிப்பு ஆகஸ்டில் 149, செப்டம்பரில் 147, அக்டோபரில் 142, நவம்பரில் 139. ஆகவே ஒரு பகுதி பருவநிலையால் வந்தது என்றாலும், பெரும்பகுதி பயிற்சியால் வந்தது என்றே நம்புகிறேன். முதல் மாதத்தில் இரண்டே துடிப்புதான் குறைந்தது. அப்போது நான் கைவிட்டிருக்கக்கூடும்.

நேரக்கணக்கு | டிசம்பர் 9

இந்த எண்களுக்குப் பிறகு எனக்கு மறுப்பில்லை. வாரத்தில் நான்காவது நாள் ஒன்றை ஒதுக்க முடியுமா என்று பார்க்கிறேன். கிடைத்தால் அதை மெதுவோட்டத்துக்கே தருவேன்.

மண்தடம் | டிசம்பர் 10

தம்பி, இப்போது இரண்டு வாரம் வேகப் பயிற்சி எதுவும் வேண்டாம். மெதுவோட்டமும் வலுப் பயிற்சியும் மட்டும். அதன் பின் வார மொத்தத்தை 40இலிருந்து 48 கிலோமீட்டருக்கு, மூன்று வாரம் கூட்டி ஒரு வாரம் குறைத்து, மெல்லக் கொண்டுபோங்கள். டெம்போ வேகத்தை 5 நிமிடம் 30 நொடிக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் இப்போது வேண்டாம். 50 நிமிடம் அடுத்த டிசம்பருக்கு வைத்துக்கொள்வோம். வெயில் ஏறுவதற்குள், பிப்ரவரி கடைசியில் ஒரு 5 கிலோமீட்டர் ஓடி நேரத்தை இங்கே எழுதுங்கள்.